டல்லஸ்லேர்ந்து ஏப்ரல், மே மாசம் குடும்பத்தோட கேம்பிங்: வானத்தப் பாத்து பிளான் போடறது எப்படி

டல்லஸ், ப்ளேனோ, ஃப்ரிஸ்கோ பக்கம் இருக்கற நம்ம ஆளுங்க நெறைய பேரு ஏப்ரல் மே மாசத்துலதான் கேம்பிங் கெளம்பறாங்க. ஜூன் பாதி தாண்டிட்டா வெயில்ல டென்ட்டுக்குள்ள படுக்கவே முடியாது, ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்து தங்கறதும் பல வீட்ல இந்த சீசன்லதான், புல்லெல்லாம் பச்சையா ரோட்டோரம் பூவா பாக்கவே கண்ணுக்கு அவ்ளோ நல்லா இருக்கும். ஆனா டெக்ஸாஸ், ஓக்லஹோமா பக்கம் இடிமழை, ஆலங்கட்டி, டார்னடோ எல்லாம் உச்சத்துல இருக்கறதும் இதே மாசங்கள்தான். அதுக்காக வீட்லயே உக்காந்திருங்கன்னு நான் சொல்ல மாட்டேன், தாராளமா போங்க, ஆனா பிளான் போடும்போது முதல்ல "எந்த இடம் பாக்கலாம்"னு ஆரம்பிக்காதீங்க. "ஒவ்வொரு நாளும் சாயங்காலம் நாலு மணிலேர்ந்து ராத்திரி படுக்கற வரைக்கும் நாம எங்க இருப்போம், பக்கத்துல கெட்டியான கட்டடம் என்ன இருக்கு"ன்னு ஆரம்பிங்க. இந்த ஒரு கேள்விக்கு ஒவ்வொரு நாளுக்கும் பதில் எழுதிட்டீங்கன்னா மிச்ச பிளான் தன்னால அமைஞ்சிரும்.

ஏன் சாயங்காலம்னு சொல்றேன்னா, தெற்குலேர்ந்து மெக்ஸிகோ வளைகுடா ஈரக்காத்து தரையோட ஒட்டி ஏறி வருது, மேற்குலேர்ந்து காஞ்ச சூடான காத்து வருது, ரெண்டும் மோதற கோட்ட டிரை லைன்னு சொல்வாங்க, அது பெரும்பாலும் மேற்கு டெக்ஸாஸ் மேலதான் நிக்கும். காலைல மேல ஒரு சூடான காத்து அடுக்கு மூடி மாதிரி அழுத்திட்டு இருக்கும், அதனால வானம் பளிச்சுன்னு இருக்கும், நாமளும் இன்னிக்கி ஒண்ணும் இல்லன்னு நெனச்சுருவோம். வெயில் ஏற ஏற தரை சூடாகி மூணு நாலு மணிக்கு மேல அந்த மூடி உடையும், உடைஞ்சா ஒரு மணி நேரத்துக்குள்ள வெறும் வானத்துல நாப்பதாயிரம் அடிக்கு மேல மேகம் ஏறி நிக்கும். அதனால காலைல வானம் தெளிவா இருக்கறத வச்சு எதையும் முடிவு பண்ணக்கூடாது. ஆனா இதே விஷயம் நமக்கு சாதகமும்கூட, ஏன்னா பெரும்பாலான நாள் காலைலேர்ந்து மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் நேரம் நம்ம கையில. மலை ஏறறது, டிரெயில் நடக்கறது, படம் எடுக்கறது எல்லாம் அதுக்குள்ள முடிச்சுருங்க. ராத்திரில நீளமா கோடு போட்ட மாதிரி வர்ற மழையும் உண்டு, அத பின்னாடி சொல்றேன்.

ரூட்டுக்கு வருவோம். முதல் தடவை போறவங்களுக்கு நான் சொல்ற சுத்து இதுதான்: டல்லஸ்லேர்ந்து ஓக்லஹோமால லாட்டன் பக்கத்துல இருக்கற விச்சிட்டா மவுன்டன்ஸ் வைல்ட்லைஃப் ரெஃப்யூஜ், அங்கேர்ந்து மேற்கால ஆமரில்லோ பக்கத்துல பேலோ டூரோ கேன்யன் (ஆழமான பள்ளத்தாக்கு), திரும்பும்போது நேரம் இருந்தா கேப்ராக் கேன்யன்ஸ், அப்புறம் 287 ஹைவே புடிச்சு வீடு. முதல் கட்டம் மூணு மூணரை மணி நேரம், ரெண்டாவது கட்டம் நாலு மணி நேரம் கிட்ட, ஆமரில்லோலேர்ந்து டல்லஸ் ஆறு மணி நேரம்னு வச்சுக்கோங்க. அஞ்சு நாள் இருந்தா நிம்மதியா போகலாம், நாலு நாள்தான் லீவுன்னா கேப்ராக்க விட்ருங்க. மூணு நாளுக்குள்ள இதெல்லாத்தையும் அடைக்காதீங்க, அடைச்சா மழை வந்தாலும் ஓட்டித்தான் ஆகணும்ங்கற நிலைமைக்கு வந்துருவீங்க, இந்த சீசன்ல அதவிட ஆபத்து வேற இல்ல.

இன்னொரு விஷயம், கெளம்பறதுக்கு முன்னாடி இந்த ரூட்ல வர்ற கவுன்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பேரெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி டேஷ்போர்ட்ல ஒட்டுங்க. வார்னிங் வரும்போது ரேடியோல "ஹால் கவுன்ட்டி, டான்லி கவுன்ட்டி"ன்னுதான் சொல்வான், நமக்கு அது எங்க இருக்குன்னே தெரியாது, கூகுள் மேப்ல கவுன்ட்டி கோடும் தெரியாது. 287ல விச்சிட்டா ஃபால்ஸ்லேர்ந்து வடமேற்கா போனா வரிசையா விச்சிட்டா, வில்பார்கர், ஹார்டிமன், சில்ட்ரஸ், ஹால், டான்லி, ஆர்ம்ஸ்ட்ராங். விச்சிட்டா மவுன்டன்ஸ் இருக்கறது ஓக்லஹோமால கமான்ச்சி கவுன்ட்டி, பேலோ டூரோ பார்க் ஆர்ம்ஸ்ட்ராங், ரேன்டல் ரெண்டுலயும் கெடக்குது, கேப்ராக் இருக்கறது பிரிஸ்கோ கவுன்ட்டி. பத்தாவது படிக்கற பையன் பொண்ணு இருந்தா இந்த வேலைய அவங்ககிட்ட குடுங்க, முன் சீட்ல உக்காந்து ரேடாரும் பேப்பரும் வச்சுட்டு சூப்பரா பண்ணுவாங்க, ஓட்டறவங்க ஃபோன தொடவே வேணாம்.

வானிலை பாக்கறதுக்கு ஃபோன்ல வர்ற மழை படம், சதவீதம் எல்லாம் பத்தாது. ஓக்லஹோமால நார்மன்ல ஸ்டார்ம் ப்ரெடிக்‌ஷன் சென்டர்னு ஒண்ணு இருக்கு, அரசாங்கத்தோடது, அவங்க தெனமும் மேப் போடுவாங்க, இன்னிக்கி நாளைக்கி நாளன்னிக்கின்னு மூணு நாளுக்கு அஞ்சு லெவல்ல கலர் அடிச்சிருக்கும். கரும்பச்சைன்னா 1, மஞ்சள் 2, ஆரஞ்சு 3, சிவப்பு 4, மெஜந்தா 5. நாலாவது நாள்லேர்ந்து எட்டாவது நாள் வரைக்கும் தனி மேப் இருக்கும், அதுல நம்ம ஏரியா மேல கலர் விழுந்துருச்சுன்னா அப்பவே உஷார் ஆயிருங்க. சின்னப் பசங்க, வயசானவங்க கூட இருந்தா என் கணக்கு இதுதான்: 1 லெவல்னா டென்ட் ஓகே, 2 லெவல்னா டென்ட் போடலாம் ஆனா கெட்டியான கட்டடம் நடந்து போற தூரத்துல இருக்கணும், யாராவது ஒருத்தர் முழிச்சு ரேடார் பாக்கணும், 3 ஆரஞ்சு வந்துருச்சுன்னா டென்ட் கெடையாது, ஆமரில்லோலயோ லாட்டன்லயோ ஹோட்டல். இதுக்காகவே கெளம்பறதுக்கு முன்னாடி கேன்சல் பண்ணா பணம் திரும்ப வர்ற ரூம் ஒண்ணு புக் பண்ணி வச்சுக்கோங்க, டென்ட் போட்ட அன்னிக்கி கேன்சல் டைம் தாண்டறதுக்குள்ள முடிவு எடுங்க. கேம்ப் சைட்டுக்கு கட்டின காசு போகுதேன்னு யோசிக்காதீங்க.

வாட்ச், வார்னிங் ரெண்டுக்கும் வித்தியாசம் வீட்ல எல்லாருக்கும் தெரியணும், தாத்தா பாட்டிக்கும் சேத்து. வாட்ச்ன்னா பெரிய ஏரியாவுக்கு, வர்றதுக்கு வாய்ப்பு இருக்கு, ரெடியா இருங்கன்னு அர்த்தம். வார்னிங்ன்னா வந்துருச்சு, இல்ல ரேடார்ல தெரியுது, இப்பவே கட்டடத்துக்குள்ள போங்க. வாட்ச் வந்தவொடனே டிரெயில்ல இருந்தா திரும்பிருங்க, சமையல் பாதில இருந்தா அடுப்ப அணைச்சுட்டு சாமான கார்ல போட்ருங்க. வார்னிங் வந்தப்புறம் எதையும் பேக் பண்ணக்கூடாது, ஆளுங்க மட்டும் நகரணும்.

ஃபோன்ல அலர்ட் வரும்னு நம்பி இருக்காதீங்க, பேலோ டூரோ கேன்யன் உள்ள எறங்கிட்டா சிக்னல் பல இடத்துல இருக்காது. நோவா வெதர் ரேடியோன்னு, அரசாங்க வானிலை அறிவிப்ப மட்டும் சொல்ற ரேடியோ, கையால சுத்தி சார்ஜ் பண்ற மாதிரி கெடைக்கும், 162.400லேர்ந்து 162.550 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஏழு சேனல், ராத்திரி வார்னிங் வந்தா தானா சத்தம் போடற அலர்ட் மாடலா பாத்து வாங்குங்க. கேன்யனுக்கு உள்ள எறங்கறதுக்கு முன்னாடி மேல விசிட்டர் சென்டர்ல செக் இன் பண்ணும்போது ரேஞ்சர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க: டார்னடோ வார்னிங் வந்தா இந்த சைட்லேர்ந்து எங்க போகணும், மழை பெஞ்சா எந்த ரோடு மூடுவீங்க, இன்னிக்கி நெருப்பு மூட்ட அனுமதி உண்டா. அவங்க தெனமும் பாக்கறவங்க, தெளிவா சொல்வாங்க.

இந்த ரோடு விஷயம் பேலோ டூரோல ரொம்ப முக்கியம். அந்த கேன்யன் கிட்டத்தட்ட 120 மைல் நீளம், சுமாரா 800 அடி ஆழம், அதத் தோண்டினதே ரெட் ரிவரோட ஒரு கிளை ஆறுதான். சாதா நாள்ல பாத்தா இதுவா இவ்ளோ பெரிய பள்ளத்த தோண்டுச்சுன்னு தோணும், அவ்ளோ சின்னதா ஓடும். கேன்யன் தரைல போற ரோடு அந்த ஆத்த பல இடத்துல குறுக்க தாண்டுது, பாலம் இல்லாம தண்ணி மேலயே போற மாதிரியும் இருக்கும். மேல சமவெளில எங்கயோ மழை பெஞ்சா நமக்கு ஒரு துளி விழாமலே தண்ணி ஏறி வரும், கடைசி கேம்ப் ஏரியால இருந்தா மாட்டிக்குவீங்க. அதனால மழை சொல்லியிருந்தா நுழைவாயிலுக்குப் பக்கத்துல, முதல் கிராஸிங்குக்கு முன்னாடி இருக்கற சைட்டா கேட்டு வாங்கப் பாருங்க. தண்ணி ஓடற ரோட்ல வண்டிய விடவே விடாதீங்க. ஆறு இஞ்ச் வேகமா ஓடற தண்ணி பெரிய ஆளையே தள்ளிரும், ஒரு அடி தண்ணி சின்ன காரத் தூக்கிரும், ரெண்டு அடில எஸ்யூவியும் போயிரும். எஸ்யூவி தானே போயிரும்னு நெனச்சு எறங்கறவங்கதான் மாட்டறாங்க.

டென்ட் போடறதப் பத்தி. கடைல கெடைக்கற உயரமான, ஜன்னல் வச்ச பெரிய குடும்ப டென்ட் பாக்க நல்லா இருக்கும், பேன்ஹேண்டில் (டெக்ஸாஸோட வட கோடி, ஆமரில்லோ பக்கம்) காத்துக்கு அது தாங்காது, மழையே இல்லாத நாள்லயும் அங்க சாயங்காலம் காத்து மணிக்கு முப்பது மைல் வேகத்துல அடிக்கறது சகஜம். உயரம் கம்மியா, மேல போடற மழைத்துணி தரை வரைக்கும் இறங்கற மாதிரி ரெண்டு சின்ன டென்ட் வாங்கறது ஒரு பெரிய டென்ட்ட விட நல்லது. கூட குடுக்கற மெல்லிசு ஆணி வேலைக்கு ஆவாது, பத்து இஞ்ச் ஸ்டீல் ஆணியும் ஒரு சுத்தியலும் தனியா வாங்கிக்கோங்க. நாலு மூலைய மட்டும் அடிச்சுட்டு விட்றக்கூடாது, பக்கத்துல தொங்கற கயிறு எல்லாத்தையும் இழுத்து கட்டணும், டென்ட் நிக்கறதே அந்தக் கயிறாலதான். அடியில விரிக்கற தார்ப்பாய் டென்ட்ட விட வெளிய நீட்டிட்டு இருந்தா மழைத்தண்ணி அதுல விழுந்து நேரா உங்க முதுகுக்கு அடியில வந்து சேரும், அதனால சுத்தி உள்ள மடிச்சு விடுங்க. காஞ்ச ஓடை மாதிரி பள்ளமா மணலா இருக்கற எடத்துலயும் போடாதீங்க, தனியா நிக்கற ஒரே மரத்துக்கு அடியிலயும் போடாதீங்க. மழைக்கு முன்னாடி காத்து பெரும்பாலும் தெற்குலேர்ந்து வரும், மழை வந்து கோல்ட் ஃப்ரன்ட் (குளிர் காத்தோட முன்பக்கம்) தாண்டினதும் திடீர்னு வடக்குலேர்ந்து குளிரா அடிக்கும், அதனால ஒரு பக்கம் மட்டும் கட்டி வைக்காதீங்க. ஊர் சுத்த கெளம்பும்போது காத்து சொல்லியிருந்தா டென்ட் கம்பிய உருவி டென்ட்ட தரையோட படுக்க வச்சு மேல தண்ணி கேன ரெண்டு வச்சுட்டுப் போங்க, திரும்பி வந்து நிமித்த அஞ்சு நிமிஷம்தான்.

மின்னலுக்கு டென்ட் எந்த பாதுகாப்பும் கெடையாது, மேசை மேல கூரை மட்டும் போட்ட பிக்னிக் ஷெல்டரும் கெடையாது. இடிச் சத்தம் காதுல விழுந்துச்சுன்னா மின்னல் நம்மள எட்டற தூரத்துல இருக்குன்னு அர்த்தம், எல்லாரும் கார்ல ஏறி கதவ சாத்துங்க, கடைசி இடிச் சத்தத்துலேர்ந்து முப்பது நிமிஷம் கழிச்சுதான் வெளிய. ஆனா டார்னடோவுக்கு கார் ஆகாது, அதுக்கு கேம்ப் கிரவுண்ட்ல இருக்கற செங்கல், கான்கிரீட் பாத்ரூம் கட்டடம்தான் பெரும்பாலும் பக்கத்துல இருக்கற நல்ல எடம். படுக்கறதுக்கு முன்னாடி வெளிச்சம் இருக்கும்போதே பசங்கள கூட்டிட்டு டென்ட்லேர்ந்து அங்க ஒரு தடவை நடந்து பாத்துருங்க. ராத்திரி கோடு மாதிரி மழை வரும்னு சொல்லியிருந்தா ஷூ, டார்ச், கார் சாவி தலைமாட்டுல, பசங்களோட சைக்கிள் ஹெல்மெட் பக்கத்துல. ஹெல்மெட் எதுக்குன்னு சிலர் கேப்பாங்க, டார்னடோல பறந்து வர்ற பொருள் தலைல அடிச்சுத்தான் நெறைய காயம், வீட்ல சும்மா கெடக்கறத எடுத்துட்டுப் போறதுல என்ன கஷ்டம்.

ரோட்ல ஓட்டிட்டு இருக்கும்போது வந்தா? முதல்ல ஒண்ண மனசுல நல்லா பதிய வச்சுக்கோங்க, புயல கார்ல முந்திரலாம்னு நெனக்காதீங்க. நாம போற வழில இருக்கற விச்சிட்டா ஃபால்ஸ்ல 1979 ஏப்ரல் 10ஆம் தேதி வந்த டார்னடோல 42 பேரு செத்தாங்க, அதுல பாதிக்கு மேல கார்ல இருந்தவங்க. 2013 மே 31ல ஓக்லஹோமால எல் ரீனோ பக்கத்துல 2.6 மைல் அகலத்துல ஒண்ணு வந்துச்சு, அதுல செத்த எட்டு பேரும் வண்டில இருந்தவங்கதான். அதனால வானம் கறுத்து வர்றது தூரத்துல தெரியும்போதே அடுத்த ஊர்ல பெட்ரோல் பங்க், பெரிய கடை எதாவது ஒண்ணுல நுழைஞ்சுருங்க, ஒரு மணி நேரம் காபி குடிச்சுட்டு உக்காருங்க. அங்க புயல் பெரும்பாலும் தென்மேற்குலேர்ந்து வடகிழக்கா போகும், அதனால ரேடார்ல நம்மளுக்கு தென்மேற்குல சிவப்பு இருந்தா அது நம்மளப் பாத்துதான் வருது. டெக்ஸாஸ் ஹைவே ரெஸ்ட் ஏரியா சிலதுல புயல் ஷெல்டர்னு போர்டே வச்சிருப்பாங்க, மேப்ல முன்னாடியே பாத்து குறிச்சு வச்சுக்கோங்க. மேம்பாலத்துக்கு அடியில நிக்கவே கூடாது, அங்க காத்து இன்னும் வேகமா பீச்சும், 1999 மே 3ல ஓக்லஹோமால அப்படி பாலத்துக்கு அடியில ஒதுங்கினவங்க செத்திருக்காங்க. ஆலங்கட்டி அடிக்க ஆரம்பிச்சா ரோட்ட விட்டு பத்திரமா ஓரம் கட்டி, பசங்கள ஜன்னலுக்கு முதுகு காட்டி குனியச் சொல்லி மேல போர்வை போத்துங்க. மண் புயல் வந்து முன்னாடி ஒண்ணுமே தெரியலன்னா ரோட்ட விட்டு முழுசா வெளிய நிறுத்தி, லைட்ட எல்லாம் அணைச்சு, பிரேக்லேர்ந்து காலை எடுத்துருங்க, லைட் எரிஞ்சா பின்னாடி வர்றவன் அதையே ரோடுன்னு நெனச்சு வந்து மோதுவான்.

சாப்பாடு, நம்ம ஆளுங்களுக்கு இது பெரிய பிளஸ். முதல் நாளுக்கு மொளகாப்பொடி தடவின இட்லி, புளியோதரை, ரெண்டாவது நாளுக்கு சப்பாத்தியும் தக்காளி தொக்கும், கூலர்ல தயிர். அங்க போய் சமைக்கணும்னா ரவைய வீட்லயே தாளிச்சு வறுத்து டப்பால போட்டுட்டு போனா தண்ணி கொதிக்க வச்சு பத்து நிமிஷத்துல உப்புமா, மழைக்கு முன்னாடி முடிஞ்சிரும். ரெண்டு பர்னர் ப்ரோபேன் ஸ்டவ்வும் காத்து மறைக்கற தகடும் போதும். மழை பெய்யுதேன்னு ஸ்டவ்வ டென்ட்டுக்குள்ள ஏத்தாதீங்க, கார்பன் மோனாக்ஸைடு வாசனையே இல்லாம கொன்னுரும். அடுப்பே பத்த வைக்க முடியாத ராத்திரிக்காக வேர்க்கடலை, அவல் மிக்ஸர், பிரெட்டு ஜாம்னு ஒரு டப்பா கார்லயே இருக்கட்டும். 287ல சைவம் தேடினா பீன் பரிட்டோதான் பெரும்பாலும் கெடைக்கும், அதையும் மனசுல வச்சுக்கோங்க. விறகு போட்டு நெருப்பு மூட்டறது பசங்களுக்கு ரொம்ப ஆசையா இருக்கும், ஆனா பேன்ஹேண்டில்ல வசந்த காலம் காட்டுத்தீ காலமும்கூட, 2024 பிப்ரவரில புடிச்ச ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீ பத்து லட்சம் ஏக்கருக்கு மேல எரிச்சுது. பர்ன் பேன் (நெருப்பு மூட்டத் தடை) இருந்தா இருக்கட்டும், பேட்டரி லாந்தர் போதும்.

இனி பாக்கற இடங்க. விச்சிட்டா மவுன்டன்ஸ்ல உள்ள போக கட்டணம் இல்ல, பைசன் (அமெரிக்க காட்டெருமை) ரோட்டோரம் மேயும். 1907ல நியூயார்க் பிராங்க்ஸ் ஜூலேர்ந்து ரயில்ல 15 பைசன கொண்டு வந்து விட்டு வளத்த கூட்டம் இது, அதுக்கு முன்னாடி சமவெளில கோடிக்கணக்குல இருந்தத வேட்டையாடியே அழிச்சுட்டாங்க. ஏப்ரல் மே மாசத்துல செம்பழுப்பு கலர்ல கன்னுக்குட்டி இருக்கும், பாக்க அழகா இருக்கும், ஆனா கிட்டப் போகாதீங்க, அம்மா பைசன் மணிக்கு 35 மைல் வேகத்துல ஓடி வரும். காருக்குள்ள இருந்தே பாருங்க. முட்டி வலி இருக்கற அப்பா அம்மாவுக்கு மவுன்ட் ஸ்காட் வரம், 2,464 அடி உச்சிக்கு கார்லயே போகலாம், ரோடு மூடற நேரம் உண்டு, முன்னாடியே பாத்துக்கோங்க. மேலேர்ந்து மேற்கப் பாத்தா புயல் வர்றது ரொம்ப தூரத்துலயே தெரியும், தெரிஞ்சவொடனே எறங்கிருங்க. ராத்திரிக்கு டோரிஸ் கேம்ப் கிரவுண்ட், முன்னாடியே புக் பண்ணுங்க.

பேலோ டூரோல லைட்ஹவுஸ் டிரெயில் தான் பேரு வாங்கினது, போயிட்டு வர ஆறு மைல் கிட்ட, கடைசி கொஞ்ச தூரம் கைய ஊனி ஏறணும். காலைல விடிஞ்சதும் கெளம்புங்க, ஆளுக்கு ரெண்டு மூணு லிட்டர் தண்ணி, நிழலே இல்ல. பத்து வயசுக்கு கீழ இருக்கற பசங்கள பாதி வரைக்கும் கூட்டிட்டுப் போய் திரும்பினாலே போதும், சிவப்பும் வெள்ளையும் அடுக்கடுக்கா இருக்கற பாறை வழி முழுக்க தெரியும். பாம்பு வெயிலுக்கு வெளிய வர்ற சீசன், டிரெயில விட்டு புதருக்குள்ள எறங்கக் கூடாது. நுழைவு பெரியவங்களுக்கு 8 டாலர், 12 வயசு வரைக்கும் இலவசம், பாட்டி தாத்தா சேத்து நாலு பெரியவங்க ரெண்டு மூணு நாள் போறீங்கன்னா வருஷ பாஸ் எடுத்துருங்க, ஒரே கார்ல வர்ற எல்லாருக்கும் செல்லும். கேம்ப் சைட் அஞ்சு மாசம் முன்னாடியே திறக்குது, ஏப்ரல் வீக்எண்டுக்கு நவம்பர்லயே உக்காந்து புக் பண்ணணும். வயசானவங்களுக்கு கேபின் கெடைச்சா அதுதான் நல்லது, கேன்யன் விளிம்புல 1930கள்ல கல்லால கட்டின கேபின் மூணு இருக்கு, அங்க அவங்க படுக்கட்டும், நீங்க கீழ டென்ட்ல படுங்க. ஏப்ரல் ராத்திரி 40 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் எறங்கும், ஊர்லேர்ந்து வந்தவங்களுக்கு கம்பளி, குல்லா, சாக்ஸ் எல்லாம் எடுத்துட்டுப் போங்க.

மழை பெஞ்ச மறுநாள் டிரெயில்லாம் வழுக்கும், அன்னிக்கி ஆமரில்லோவுக்கு மேற்கால கேடிலாக் ரான்ச் வச்சுக்கோங்க, 1974லேர்ந்து பத்து கார மூக்கு குத்த மண்ணுல நட்டு வச்சிருக்காங்க, பசங்க ஸ்ப்ரே பெயின்ட் அடிச்சு சந்தோஷமா ஒரு மணி நேரம் ஓட்டிருவாங்க. அங்கயும் மழைக்கப்புறம் சேறு முழங்கால் கிட்ட வரும், பழைய செருப்பும் மாத்து துணியும் வேணும்.

கேப்ராக்குக்கு நேரம் இருந்தா ஹனி ஃப்ளாட் கேம்ப் ஏரியால ஒரு ராத்திரி தங்குங்க, டெக்ஸாஸ் அரசாங்கத்தோட பைசன் கூட்டம் இங்கதான் இருக்கு, டென்ட் பக்கத்துலயே நடந்து போகும். சார்லஸ் குட்நைட்னு ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் 1876ல பேலோ டூரோல மாடு வளக்க ஆரம்பிச்சவர், அவர் மனைவி மேரி ஆன் சொல்லித்தான் தப்பிச்ச கன்னுகள புடிச்சு வளத்தாங்க, அதோட வம்சம்தான் இது. பேலோ டூரோவ பாத்துட்டு இங்க வந்தா பசங்களுக்கு இந்தக் கதை நல்லா புரியும்.

வீட்டுக்கு வந்தவொடனே டென்ட்ட பைலயே விட்டு வைக்காதீங்க, ரெண்டே நாள்ல பூஞ்சை வந்துரும், கராஜ்ல விரிச்சு முழுசா காய விடுங்க. கார்ல ஆலங்கட்டி குழி விழுந்திருந்தா சாயங்கால வெயில் சாய்வா அடிக்கும்போது ஃபோட்டோ எடுங்க, அப்பதான் குழி தெரியும், இன்ஷூரன்ஸ்ல காம்ப்ரிஹென்சிவ் இருந்தா அதுல கவர் ஆகும், வெறும் லயபிலிட்டி மட்டும் வச்சிருந்தா ஆகாது, அதனால இத கெளம்பறதுக்கு முன்னாடியே ஒரு தடவை எடுத்துப் பாத்துருங்க.